நாற்பத்தொன்றாவது சேலை

திருப்பூரில் எங்கள் செம்பருத்தி நகர் மூன்றாவது வீதியில் நாற்பத்தொரு வீடுகள், வீட்டுக்கு ஒருத்தி என்று நாற்பத்தொரு பெண்கள், அந்த நாற்பத்தொரு பேரும் மாரியம்மன் நோம்பிக்கோ, வீதியில் ஒரு கல்யாணத்துக்கோ, காதுகுத்துக்கோ கிளம்பினால் ஒரே நிறத்தில், ஒரே பார்டரில், ஒரே மாதிரி மடிப்பெடுத்துக் கிளம்புவோம், முனையில் இருக்கும் தண்ணீர் டேங்க்கைத் தாண்டும்போது பக்கத்து வீதிக்காரிகள் மாடியில் நின்று எட்டிப் பார்ப்பார்கள், அவர்கள் எட்டிப் பார்ப்பதற்காகத்தான் கிளம்புகிறோமோ என்று எனக்குச் சில சமயம் சந்தேகமே வரும். லட்சம் பனியன் தைத்தாலும் முதல் பனியனும் கடைசிப் பனியனும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊரின் பிழைப்பு. அந்தப் பிழைப்பு எங்கள் பீரோவுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

வீதிச் சேலையைத் தேர்ந்தெடுப்பவர் ஒன்றாம் நம்பர் வீட்டு வசந்தாமணியக்கா. கடையிலிருந்து படம் எடுத்து வீதிக் குழுவில் போடுவார், கீழே "எல்லாருக்கும் சம்மதமா?" என்று கேட்பார், நாங்கள் நாற்பது பேரும் கட்டைவிரலை உயர்த்துவோம், அதற்குள் அவர் நாற்பத்தொரு சேலைக்கும் பில் போட்டு முடித்திருப்பார். பிடிக்கவில்லை என்று யாரும் சொன்னதில்லை. பிடித்திருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தவர்களும் இல்லை. பன்னிரண்டாம் நம்பர் சுகந்தி மட்டும் ஜாக்கெட்டின் முதுகில் கண்ணாடி பதிப்பாள், கையில் குஞ்சம் தொங்க விடுவாள், ஒரு தடவை சின்ன மணிகூடக் கட்டிக்கொண்டு வந்தாள். நாற்பத்தொரு பேரில் தன்னை யாராவது தனியாகப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. யாரும் பார்த்ததில்லை, பாவம்.

இருபத்துமூன்றாம் நம்பர் துளசிமணியக்கா சுகந்திக்கு நேர் எதிர். காபியா டீயா என்று கேட்டால், "எல்லாருக்கும் எதுவோ எனக்கும் அதே" என்பார். ஓட்டலுக்குப் போனாலும் அதே பதில், சுற்றுலாவுக்கு ஊட்டியா கொடைக்கானலா என்றாலும் அதே பதில். வீதிச் சேலையை அத்தனை சந்தோஷமாகக் கட்டிக்கொள்கிறவர் எங்களில் அவர் ஒருவர்தான். முதல் நாள் ராத்திரியே இஸ்திரி போட்டு, கொடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். வந்து வந்து அவருக்குத்தான் அது நடந்தது.

எட்டு வருடத்துக்கு முன்னால், முதன்முதலாக எடுத்த சேலை. மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். நோம்பிக்கு மாவிளக்குத் தட்டோடு காலை எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பினோம், துளசிமணியக்காவும் எங்களைப் போலவே மாம்பழ மஞ்சளில்தான் வாசலை விட்டு இறங்கினார், தண்ணீர் டேங்க்கைத் தாண்டும்போது அவர் சேலை சின்ன வெங்காயத்தின் தோல் நிறத்துக்கு வந்துவிட்டது, பார்டர் இருந்த இடத்தில் கறிவேப்பிலைப் பச்சையில் மெல்லிசாக ஒரு கோடு ஓடியது, அவ்வளவுதான், கோவில் மணி அடித்தது, நாங்கள் நடந்தோம்.

"ஏனுங்க்கா, சேலை மாத்திட்டீங்களா?" என்றாள் சுகந்தி.

துளசிமணியக்கா குனிந்து பார்த்தார். "அய்யோ, நான் மஞ்சள்தானுங் கட்டிட்டு வந்தேன்" என்றார்.

"சோப்பு என்ன போட்டீங்?" என்று கேட்டார் வசந்தாமணியக்கா. கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்வானா என்பது அடுத்த கேள்வி. ஆச்சரியப்பட எங்களுக்கு நேரம் இல்லை, பூஜைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கும்பிட்டு முடித்து, வெயில் முகத்தில் விழுகிற மாதிரி கோவில் படிக்கட்டில் வரிசையாக நின்றபோதுதான் அந்த ஒரு நிறம் நடுவில் துருத்திக்கொண்டு தெரிந்தது. நான் பதினேழாம் நம்பர் வீடு, கலாமணி. என் போனை எடுத்து அவர் கையில் கொடுத்து, "அக்கா, நீங்க எடுங்களேன், உங்களுக்குக் கை நடுங்காது" என்றேன். முதலில் சொன்னது நான்தான். அதை மறைக்கப்போவதில்லை.

வீட்டுக்குப் போய் அவிழ்த்துக் கொடியில் போட்டால் சேலை பழையபடி மாம்பழ மஞ்சளாக, ஒன்றும் தெரியாத மாதிரி தொங்கியது. அவருடைய வீட்டுக்காரர் சென்னியப்பண்ணனுக்குச் சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கிற வேலை. வந்த துணி, காட்டின மாதிரித் துணியின் நிறத்திலேயே இருக்கிறதா என்று பகல் வெளிச்சம், கடை விளக்கு, வீட்டு விளக்கு என்று மூன்று வெளிச்சத்தில் பெட்டிக்குள் வைத்துப் பார்த்து, அரைப் புள்ளி வித்தியாசம் இருந்தாலும் ஆயிரம் கிலோவைத் திருப்பி அனுப்புகிற மனுஷர். அவர் சேலையைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, "சாயத்துல கோளாறு ஒண்ணும் இல்லீங். நல்லா ஒரே சீரா ஏறியிருக்குது" என்று வசந்தாமணியக்காவிடம் வந்து சொன்னார். கோளாறு வேறு எதில் என்று வசந்தாமணியக்கா கேட்டதற்கு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு வீதிச் சேலையும் அப்படித்தான் ஆனது. அவருடைய வீட்டுச் சேலை மாறவில்லை, பட்டு மாறவில்லை, எல்லோரோடும் சேர்ந்து கட்டுகிற சேலை மட்டும் தண்ணீர் டேங்க்குக்குப் பக்கத்தில் வந்ததும் தன் இஷ்டத்துக்குப் போய்விடும். மயில் நீலம் எடுத்த வருடம் அது சிலேட்டு நிறமாகி, சாக்பீஸில் கிறுக்கின மாதிரி உடம்பு முழுக்கக் குட்டிக் குட்டிச் சைக்கிள்கள் முளைத்தன. அதைப் பார்த்துவிட்டு விசாரித்தபோதுதான், பதினேழு வயதில் அவர் ஊத்துக்குளியிலிருந்து தினம் சைக்கிள் மிதித்துப் பனியன் கம்பெனிக்கு வந்தவர், இறக்கத்தில் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டுவார் என்பது தெரிந்தது. பத்து வருடமாக ஒரே வீதியில் இருக்கிறோம், எங்களுக்குத் தெரியாது. சென்னியப்பண்ணனுக்கும் தெரியாது.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. உப்புத் தண்ணீரில் ஊற வைத்தோம், கற்பூரம் சுற்றினோம், மாரியம்மனுக்கு நாற்பத்தொரு எலுமிச்சம்பழம் வேண்டிக்கொண்டோம், டேங்க் பக்கம் போகாமல் மார்க்கெட் வழியாகச் சுற்றிக் கூட்டிப் போனோம். ஒரு கல்யாண மண்டபத்துக்கு வேறு சேலையில் வரச் சொல்லி, அங்கே அறையில் வைத்து வசந்தாமணியக்காவே கட்டிவிட்டார். கொசுவம் எடுத்து முடிப்பதற்குள் அவர் விரலுக்கு நடுவிலேயே துணி நிறம் மாறிவிட்டது. "கையில பட்ட மீன் மாதிரி நழுவுதுடி" என்று மட்டும் சொன்னார். பிறகு பழகிவிட்டது. நோம்பிக்கு முதல் நாள் இந்த வருடம் துளசிமணியக்காவுக்கு என்ன நிறம் வரும் என்று வீட்டுக்கு வீடு பந்தயம் கட்டினோம். பக்கத்து வீதிக்காரிகள் மாடியில் நிற்பதே இப்போது அதற்காகத்தான் என்று தெரிந்தும் தெரியாத மாதிரி நடந்தோம். சுகந்திக்கு மட்டும் ஆறவே இல்லை. "கண்ணாடி வெச்சு, மணி கட்டி நான் சாவறேன், அந்தக்கா சும்மா நடந்து வருது, ஊரே பாக்குது" என்று என்னிடம் வந்து அழுதாள்.

படம் எடுக்கிற நேரம் வந்தால் துளசிமணியக்கா அவராகவே வரிசையை விட்டு இறங்கிக் கையை நீட்டுவார். யாராவது போனைக் கொடுப்போம். எங்களை ஒன்று இரண்டு மூன்று சொல்லிச் சிரிக்க வைத்து, யாருடைய முந்தானை விலகியிருக்கிறது, யார் கண்ணை மூடிவிட்டார்கள் என்று பார்த்துப் பார்த்து எடுப்பார். நல்ல கைராசி என்று பாராட்டுவோம். சென்ற வருடம் ஒரு காதுகுத்தில் அவரைத் தனியாகப் பிடித்து, "உங்களுக்கு வருத்தமாங்க்கா?" என்று கேட்டுவிட்டேன். "மத்த எதுவும் நான் கேக்கலீங் கலாமணி. உங்க கூட ஒரு வரிசையில நின்னு ஒரு படம். அதுக்குக்கூட இந்தச் சேலை உடமாட்டேங்குது" என்றார். சொல்லும்போது என் போனைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் சித்திரையில் ஒரு கல்யாணத்துக்கு ரோஸ் நிறச் சேலை எடுத்தோம். துளசிமணியக்காவின் மேல் அது மாறிய நிறத்துக்கு எங்களிடம் பெயர் இல்லை. மழை வரப்போகிற வானம் என்று ஒருத்தி சொன்னாள், நாவல்பழம் தின்ற நாக்கு என்று இன்னொருத்தி சொன்னாள், இரண்டும் சரியாகத்தான் பட்டது. பார்த்த எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. வசந்தாமணியக்கா பந்தியில் ரசம் ஊற்றிக்கொள்ளும்போதே முடிவு செய்துவிட்டார். அடுத்த வீதிச் சேலை இதே நிறம். அவிழ்த்தால் போய்விடும் என்பதால், அவிழ்க்க விடாமல் கல்யாண மண்டபத்திலிருந்து அப்படியே ஸ்கூட்டியில் ஏற்றிச் சாயப்பட்டறைக்குக் கொண்டு போனோம்.

அன்று முழுக்க அக்கா சாம்பிள் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சென்னியப்பண்ணன் சாயம் கலந்து, சின்னத் துண்டு நனைத்து, காய வைத்து, மனைவியின் தோளில் வைத்து வைத்துப் பார்த்தார். நீலம் கூடிவிட்டது என்று ஒன்று, சிவப்பு குறைகிறது என்று ஒன்று, பதினோரு துண்டு போயிற்று. இரண்டாயிரத்து நானூறு ஷேடுகளை நம்பர் சொல்லி அடையாளம் காட்டுகிறவர். "அண்ணா, அக்காவுக்கு என்ன கலர் புடிக்கும்?" என்று நான் சும்மா கேட்டேன். கையில் துண்டோடு அப்படியே நின்றுவிட்டார். "அது நான் கேட்டதில்லீங்களே" என்றார். சாயங்காலம் பன்னிரண்டாவது துண்டு பொருந்தியது. மூன்று வெளிச்சத்திலும் பொருந்தியது. நாற்பத்தொரு வெள்ளைப் பருத்திச் சேலையை ஒரே தொட்டியில் போட்டு எடுத்தார்கள்.

அடுத்த விசேஷத்துக்கு எல்லோரும் மழைவானமும் நாவல்பழமுமாகக் கிளம்பினோம். துளசிமணியக்கா வாசலில் இறங்கும்போது முகம் அப்படி ஒரு மலர்ச்சி. இது அவருடைய நிறமே அல்லவா, இது எங்கே போகும்? டேங்க் வந்தது. சேலை மாம்பழ மஞ்சளானது. அரக்கு பார்டர் உள்பட. எட்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் கட்டி, தூக்கிப் பரணில் போட்ட அதே சேலை.

மாடியில் பக்கத்து வீதிக்காரிகள் கைதட்டிச் சிரித்தார்கள். வசந்தாமணியக்காவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "குசும்புக்கும் ஒரு அளவு வேணும் துளசி" என்று நடுரோட்டில் சொல்லிவிட்டார். துளசிமணியக்கா திரும்பி வீட்டுக்கு நடந்தார். அன்று எங்களைப் படம் எடுக்க ஆளில்லை.

அவருடைய மகள் கிருத்திகாவுக்கு ஆவணியில் கல்யாணம். பெண்ணின் அம்மாவாகவே இருந்தாலும் முகூர்த்தத்துக்குப் பட்டு, அது முடிந்ததும் மண்டபப் படிக்கட்டில் வீதிச் சேலையில் ஒரு படம், இது எங்கள் வீதியின் எழுதாத சட்டம். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒரு மத்தியானம் கிருத்திகா என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, முகூர்த்தம் முடிஞ்சதும் பந்தி பாக்கப் போயிருவேன், படத்துக்கு வரலைங்கறாங்க அம்மா. என்னால உன்ற கல்யாணப் படம் கெடக் கூடாதுன்னு அழுவறாங்க."

"சொல்லிப் பார்க்கலாம் அம்மிணி."

"அதில்லீங்க்கா. கல்யாணத்துல போட அம்மா படம் ஒண்ணு வேணும்னு இந்த வீதியில எல்லார் போனையும் வாங்கித் தேடினேன். எட்டு வருசத்துப் படம். எல்லாரும் இருக்கீங்க. அம்மா ஒண்ணுல கூட இல்லை." அவள் தன் போனைத் திறந்து என்னிடம் நீட்டினாள். "இதுல மட்டும் இருக்காங்க."

கோவில் படிக்கட்டுப் படம். நாற்பது பேரும் பல் தெரியச் சிரிக்கிறோம். முதுகுப் பக்கம் காலை வெயிலோடு நின்று எடுத்தவரின் நிழல் நீளமாக வந்து எங்கள் சேலைக் கரைகளின் மேல் விழுந்திருந்தது. இரண்டு கையையும் உயர்த்திப் பிடித்த நிழல். அந்தப் படத்தை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், என் முகம் குண்டாகத் தெரிகிறதா என்று.

நான் வசந்தாமணியக்காவிடம் போய்ப் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அன்று சாயங்காலம் துளசிமணியக்காவை விட்டுவிட்டு எங்கள் முப்பத்தொன்பது பேரையும் தன் வீட்டு மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார்.

"அவ சேலை நம்மளை மாதிரி ஆக மாட்டேங்குது. நாம அவளை மாதிரி ஆயிக்குவோம். நாப்பது பேரும் நாப்பது விதமாக் கட்டோணும். அதுல அவளது எப்படி மாறினா என்ன, நாப்பத்தொண்ணாவது விதம். கண்டிப்பா எல்லாரும் வேற வேறதான் கட்டோணும். ஒரே மாதிரி ரெண்டு வந்துச்சு, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"துளசியக்காகிட்டச் சொல்லீரலாமா?" என்றேன்.

"சொன்னா வரமாட்டா. என்னால எதுக்குங் உங்களுக்குச் சிரமம்னு கெடுத்துப்போடுவா. பழைய மாம்பழ மஞ்சளையே எல்லாரும் கட்டறோம்னு சொல்லு."

அப்புறம்தான் கூத்து ஆரம்பித்தது. அவரவர் நிறத்தை அவரவரே தேர்ந்தெடுக்கப் போனோம். கடையில் பையன் கேட்டான், "என்ன கலர்ங்க்கா பாக்கறீங்?" என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு மணி நேரம் நின்றேன், நாற்பது சேலை விரித்துப் போட்டான், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, எதுவும் என்னுடையதாக இல்லை. கடைசியில் பக்கத்தில் நின்ற அம்மாள் எடுத்ததையே எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் வீதியின் முப்பத்திரண்டாம் நம்பர்காரியும் அதையே எடுத்திருக்கிறாள் என்று கண்டுபிடித்து, திரும்ப ஓடிப்போய் மாற்றினேன். ஒருத்தி வீட்டுக்காரரைக் கேட்டாள், அவர் மகனைக் கேட்கச் சொன்னார், மகன் போனைக் கேட்டான். கிளிப்பச்சைக்கு மூன்று பேர் அடித்துக்கொள்ள, வசந்தாமணியக்கா சீட்டுக் குலுக்கிப் போட்டார். அவரே தனக்கு எது என்று தெரியாமல் நான்கு நாள் தூங்கவில்லையாம். சுகந்திதான் அதிகம் நொந்துபோனாள். "எல்லாருமே தனியாத் தெரிஞ்சா நான் எப்படிங் தனியாத் தெரியறது?" என்று கேட்டாள்.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்து, அட்சதை தலையில் ஒட்டியபடி நாங்கள் ஓடிப்போய்ச் சேலை மாற்றிக்கொண்டு மண்டப வாசல் படிக்கட்டுக்கு வந்தோம். காலை எட்டு மணி வெயில். கிளிப்பச்சை, செங்கல், தேன், பாசிப்பயறு, வாடாமல்லி, காப்பிப்பொடி. எட்டு வருடத்தில் முதல் தடவையாக ஒருத்தியை ஒருத்தி மேலும் கீழும் பார்த்துக்கொண்டோம். "உனக்கு இந்தக் கலர் இத்தனை எடுப்பா இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதுடி" என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள். சுகந்தி கண்ணாடி இல்லாமல், குஞ்சம் இல்லாமல், வெறும் சந்தன நிறத்தில் வந்து நின்றாள். அத்தனை அழகு அவள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

கிருத்திகா அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். துளசிமணியக்கா மாம்பழ மஞ்சளில் மணப்பெண் அறையை விட்டு வெளியே வந்தார். மாறும் என்று காத்திருந்தோம். நாதஸ்வரக்காரர்களைத் தாண்டினார், மாறவில்லை. சந்தனக் கிண்ணம் வைத்த மேசையைத் தாண்டினார், மாறவில்லை. வாசலைத் தாண்டி வெயிலுக்கே வந்து நின்றுவிட்டார். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர், கடையில் வாங்கினது வாங்கினபடி. கூட்டத்தில் நின்ற சென்னியப்பண்ணன் தன்னை மறந்து, "அப்படியே ஒரிஜினல் ஷேடுங்" என்றார்.

துளசிமணியக்கா தன் சேலையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். ஒவ்வொருத்தியாக, நாற்பது பேரையும் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தோம்.

"ஏனுங், நான் ஒருத்திதான் யூனிபார்மா?" என்றார்.

முதலில் சிரித்தது வசந்தாமணியக்கா. அப்புறம் மண்டபமே சிரித்தது, துளசிமணியக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, அதில் எது சிரிப்புக்கு எது அழுகைக்கு என்று நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. சேலை ஏன் மாறவில்லை என்றும் யாரும் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் யார் நிற்பது என்பதில்தான் தள்ளுமுள்ளு நடந்தது.

எல்லோரும் வரிசையில் நின்றதும் அவர் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, பழக்கதோஷத்தில் படியிறங்கி என்னிடம் வந்து கையை நீட்டினார். நான் போனைக் கொடுக்கவில்லை.

"இன்னிக்கு நான் எடுக்கறேங்க்கா. நீங்க எங்க நிக்கறீங்?"

எல்லோரும் எங்கே சொல்கிறார்களோ அங்கே என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்து, நன்றாக யோசித்தார்.

"நடுவுலீங்" என்றார்.

அன்று மத்தியானமே வசந்தாமணியக்கா அந்தப் படத்தைக் குழுவில் போட்டு, மாம்பழ மஞ்சள் படத்தில் இத்தனை நன்றாக விழுகிறதே, அடுத்த நோம்பிக்கு எல்லோரும் அதையே கட்டலாமா, சம்மதமா என்று கேட்டார். முப்பத்தொன்பது கட்டைவிரல் உடனே உயர்ந்தது, சுகந்தியுடையது உள்பட. துளசிமணியக்கா கட்டைவிரல் போடவில்லை. "எனக்கு அந்த வெங்காயத் தோல் கலர்தானுங் புடிக்கும்" என்று எழுதியிருந்தார். சென்னியப்பண்ணன் அந்த நிறத்துக்கு இப்போது பட்டறையில் சாயம் கலந்துகொண்டிருக்கிறார், பதினான்காவது துண்டு என்று கேள்வி, ஒரு சேலைக்கு மட்டும்.

படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு கிருத்திகா தன் வீட்டுக்குக் கொண்டு போய்விட்டாள். எங்கள் எல்லோரிடமும் போனில் இருக்கிறது. நாற்பது பெண்கள் நிற்கிறார்கள், நடுவில் துளசிமணியக்கா, கண் லேசாக மூடியிருக்கிறது, முந்தானையும் கொஞ்சம் விலகித்தான் இருக்கிறது, அவர் அளவுக்கு எனக்குப் பார்த்து எடுக்க வரவில்லை. அவருடைய மாம்பழ மஞ்சள் கொசுவத்தின் மேல் இரண்டு கையையும் உயர்த்திப் பிடித்த ஒரு நிழல் விழுந்திருக்கிறது. அது நான்.